காசு எங்கே படுக்கும்?

எதைக் கண்டாலும் அந்த ராத்தா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இது எங்க படுக்கும்?"

ஏறாவூரில் அக்காவை ராத்தா என்பார்கள். நான் கணக்குப் பகுதியில் வேலை பார்த்த காமன்டில், அதுதான் அந்த ஆடைத் தொழிற்சாலையில், தையல் மெஷினில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ராத்தா. செட்டிபாளையத்தில் இருந்து போன எனக்கும் ராத்தாதான். பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "என்ட பேரக் கொண்டு போய் ஏன் புள்ள பேப்பரில படுக்க வெச்ச?" என்று கேட்பார். எனக்கு வேண்டாம் அந்த வில்லங்கம்.

கேட் வாசலில் தெருநாய் குட்டி போட்டால் என்ன நிறம், எத்தனை கடுவன், எத்தனை பெட்டை என்று எல்லாரும் கேட்பார்கள். ராத்தா, "மழை வந்தா எங்க படுக்குங்கள்?" என்பார். கொழும்பில் இருந்து புதிதாக ஒரு மேனேஜர் வருகிறார், ஆள் சரியான கடுப்பு என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது, "பாவம், அந்த மனிசன் இஞ்ச எங்க படுக்கப் போறார்?" அவருடைய தம்பி கத்தாரில் இருந்தார். கத்தார் எந்தத் திசையில் கிடக்கிறது என்றுகூட ராத்தாவுக்குத் தெரியாது. ஆனால் தம்பி படுப்பது மேல் கட்டில், கதவுப் பக்கம், ஏசிக் காற்று நேரே நெற்றியில் படும் என்பது தெரியும். அதற்காகக் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பினார். கத்தார் வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா என்று நாங்கள் சிரித்துச் சிரித்தே களைத்துப்போனோம். தம்பி அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாராம்.

எங்களை ஏற்றிப் போகும் பஸ் தேற்றாத்தீவில் கிளம்பி, செட்டிபாளையத்தில் என்னை ஏற்றி, கல்லடிப் பாலம் கடந்து, டவுனைத் தாண்டி, ஏறாவூரில் ராத்தாவை ஏற்றிக்கொண்டு இன்னும் வடக்கே போகும். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பாலத்தில் பஸ் ஏறும்போது அந்த ஆற்றில் தோணியும் மிதக்கும், தோணியின் நிழலும் மிதக்கும், விடியற்கால வெளிச்சமும் மிதக்கும். அரை நித்திரையில் எது எதுவென்று தெரியாது. நான் ஆற்றுக்குள் போகிறேனா, பஸ்ஸுக்குள் போகிறேனா என்பதுகூடச் சில நாட்களில் எனக்குத் தெளிவாக இருந்ததில்லை. பஸ்ஸே தூங்கிக்கொண்டு ஓடும். ஏறாவூர் தாண்டி ஓட்டுநரும் தூங்கிவிடுவாரோ என்று யாராவது பயந்தால், "ராத்தா முழிச்சிருக்கிறா, ஒண்டும் ஆகாது" என்பார்கள்.

உண்மைதான். ராத்தா நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. போகும்போதும் இல்லை, உடம்பெல்லாம் முறிந்து திரும்பும்போதும் இல்லை. மாலையில் நான் அவருடைய தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன். ஏறாவூரில் இறங்கும்போது தன் சாப்பாட்டுப் பையை என் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் புள்ளைய செட்டிபாளையத்தில எழுப்பி விடுங்க, இல்லாட்டித் தேற்றாத்தீவுக்குப் போயிரும்" என்று ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

"நீங்க ஏன் ராத்தா கண்ண மூடுறதே இல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ண மூடினா முழிக்கக்குள்ள வேற இடமாக் கிடக்கும் புள்ள," என்றார். "எனக்கு அது பழகிப் போச்சு. ஆனாப் பிடிக்கல்ல."

அவர் சொன்னதை விளங்க எங்கள் பக்கத்து வழக்கம் தெரியவேண்டும். மட்டக்களப்பில், தமிழரானாலும் சரி முஸ்லிமானாலும் சரி, பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அரிது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்த மகளுக்கு ராத்தா கொடுத்தது தன் உம்மா தனக்குக் கொடுத்த வீட்டை. பிறகு கணவரும் அவருமாகப் பின் வளவில் ஓலைக் கொட்டிலில் படுத்து எழும்பி, கல்லுக் கல்லாகச் சேர்த்து இன்னொரு வீடு கட்டினார்கள். கணவர் மௌத்தானார், அதாவது காலமானார். அந்த வீடு இளைய மகளுக்குப் போனது. அதன் பிறகு ராத்தா கொஞ்ச நாள் மூத்தவள் வீட்டு ஹாலில், கொஞ்ச நாள் இளையவள் வீட்டு ஹாலில். இரவில் பாயை விரித்து, விடிய முன்னர் சுருட்டி, கதவுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டு வருவார். வீடு மாறுகிற நாளில் அவருடைய தலகணியும் பஸ்ஸில் வரும். கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருப்பார். பிள்ளைகள் குறை வைத்தார்கள் என்று சொல்லமாட்டேன், தங்கமான பிள்ளைகள். கொடுத்துவிட்ட வீட்டில் கொடுத்தவருக்கு ஓர் அறை மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

"ரிட்டயர் ஆகி வாற காசில ஒரு அறை கட்டோணும்," என்பார் ராத்தா, ஏறாவூருக்குப் பின்னாலும் வருகிற அதே ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டு. "உள்ளால கொண்டி போடுற கதவு. ஆத்தப் பாத்தாப்போல ஒரு யன்னல். ஒருத்தருக்கும் குடுக்காத அறை. அதுக்குள்ள படுத்தனெண்டா நான் பகலுக்கும் எழும்பமாட்டன்."

அப்படியிருக்கும்போதுதான் கம்பனி அந்த ஓய்வுகாலத் திட்டத்தைத் தொடங்கியது. சட்டப்படி கழிக்கிற ஈ.பி.எஃப் அல்ல, அதற்கு மேலாக இது. சம்பளத்தில் நாங்கள் கொஞ்சம் போட்டால் கம்பனியும் அதே அளவு போடும். நல்லதுதானே? ஆனால் அந்தக் காசை எதில் முதலிடுவது என்பதை நாங்களே தெரிவுசெய்ய வேண்டுமாம். வந்தது வினை.

விளக்கம் சொல்லக் கொழும்பில் இருந்து ஓர் அதிகாரி வந்தார், எங்களுக்குச் சேர். தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் சொல்ல என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். எனக்கே அன்றுதான் இதெல்லாம் தெரியும். குருடிக்குக் குருடி வழி காட்டிய கதைதான், போங்கள்! சேர் பலகையில் மூன்று பானை கீறினார். முதலாம் பானையில் வங்கி வைப்பும் அரசாங்கக் கடன்பத்திரமும். மெதுவாக வளரும், பயமில்லை, வட்டி வரும். மூன்றாம் பானையில் கம்பனிகளின் பங்கு. ஏறும், இறங்கும், நீண்ட காலம் விட்டால் கூட வளரக்கூடும், உறுதி சொல்ல முடியாது. நடுப்பானை இரண்டிலும் பாதி. நான் வியர்த்து விறுவிறுத்துச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில், "மத்த ஆக்கள் எதில போடுறாங்களோ அதிலயே எனக்கும் போடுங்க அக்கா" என்றார்கள்.

ராத்தா எழும்பினார். "அந்தக் காசு எங்க படுக்கும்?"

மண்டபம் சிரித்தது. எனக்கு மானம் போனது. ஆனாலும் மொழிபெயர்த்தேன். சேர் நல்ல மனுசன், சிரிக்கவில்லை. கொழும்பில், கம்பியூட்டரில் இருக்கும் என்றார்.

"கரண்ட் போனா?"

அதையும் மொழிபெயர்த்தேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ராத்தா பானைகளுக்கு வந்தார். முதலாம் பானை வட்டி என்றதும், "அது நம்மட மார்க்கத்தில ஆகாது" என்று தள்ளிவிட்டார். நடுப்பானையில் பாதிதான் வட்டி என்றேன். "பாதி நோன்பு பிடிக்கலாமா புள்ள?" என்றார். மூன்றாம் பானையைப் பங்கு என்றதும் முகம் மலர்ந்தது.

"பங்கா? நம்மட குர்பான் மாட்டுப் பங்கு மாதிரியா?"

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாட்டை ஏழு பேர் பங்கு சேர்ந்து வாங்குவார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம் ராத்தா, கிட்டத்தட்ட அப்பிடித்தான். மாடு கொழுத்தா உங்களுக்கு லாபம், மெலிஞ்சா நட்டம்" என்றேன். மொழிபெயர்ப்பாளராக நான் செய்த ஒரே நல்ல வேலை அதுதான் என்று எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு பெருமை.

"அப்ப மாட்டப் பாக்கோணுமே," என்றார் ராத்தா. "பாக்காம எப்பிடிப் பங்கு எடுக்கிற? எங்க கட்டிக் கிடக்கு?"

சேர் அந்தப் பானைக்குள் இருக்கிற கம்பனிகளை வாசித்தார். ஓடு செய்கிறது ஒன்று, தேயிலைத் தோட்டம் ஒன்று, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல். "பாசிக்குடாவா!" என்றார் ராத்தா. "நம்மட பக்கத்திலதானே படுத்திருக்கு!" தெரிவு அந்த இடத்திலேயே முடிந்தது.

அடுத்த போயா விடுமுறைக்கு, பௌர்ணமியன்று, மாடு பார்க்கப் போனோம். கறுப்பு அபாயாவும் பெருநாளைக்குப் போடுகிற செருப்புமாக ராத்தா. வெட்கத்தில் பாதி செத்த நான். ஹோட்டல் வாசலில் நின்ற காவற்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "நான் இதில பங்குகாரி," என்றார் ராத்தா. நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த மனுசன் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "ஐயோ அக்கா, முதலாளிமார முன் வாசலால விட எனக்கு ஓடர் இல்ல. கடற்கரைப் பக்கத்தால போய் வடிவாப் பாருங்க," என்றார்.

பாசிக்குடாக் கடல் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேலே வராது. உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். நடக்க நடக்கக் கரை சின்னதாகிக்கொண்டு போனது. நடுக்கடலில் நிற்கிறோமா, பெரிய வெள்ளைத் தட்டு ஒன்றில் நிற்கிறோமா என்று தெரியவில்லை. அலையே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஹோட்டலின் வெள்ளைத் திரைகள் எல்லா யன்னலாலும் வெளியே வந்து வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கட்டிடம் மூச்சு விடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

"அதில எது என்ட?" என்று கேட்டார் ராத்தா.

நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். "ஒரு தேத்தண்ணிக் கரண்டி வரும். அதிலயும் காம்பு மட்டும்."

ராத்தாவுக்கு ஏமாற்றமே இல்லை. "கரண்டியெண்டா என்ன. இரவைக்குக் கழுவித் துடச்சு லாச்சிக்குள்ள படுக்க வெப்பாங்கதானே," என்றார். கரண்டி மேசை இழுப்பறைக்குள் பத்திரமாகக் கிடப்பதைக் கண்ணால் கண்டவர் போலத் திருப்தியாக இருந்தார். வெயில் சாயும்வரை நாங்கள் அந்தத் தண்ணீரை விட்டு வரவில்லை. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் வந்தது. அம்மா தன் வீட்டை எனக்கு எழுதித் தந்தார். காமன்ட் பிள்ளைகளோடு வந்திறங்கிய ராத்தா, பெண்ணைப் பார்க்க முதல் பெண்ணின் தாயைத் தேடிப் போய்க் கேட்டார், "இனி நீங்க எங்க படுக்கிற?"

"குசினிக்குப் பக்கத்தில நெல்மூட்டை அடுக்கிற பத்தி ஒண்டு இருக்கு. எனக்கு அது போதும்," என்றார் அம்மா, சமையலறையை ஒட்டிய சாய்ப்பைக் காட்டி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூறைச் சேலையில் வெந்துகொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு இவர்களுக்கு என்ன பகிடி என்று எரிச்சல் வந்தது.

வெளிநாட்டுக்காரர் வராமற் போன காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மூன்றாம் பானை இறங்கத் தொடங்கியது. ராத்தா ஓய்வு பெறுவதற்குக் கிட்ட வந்துவிட்டார். பிறகு எப்படிப் பதறாமல் இருக்கிறது? வருடத்துக்கு ஒரு முறை பானை மாற்றலாம் என்று விதி இருந்தது. முதலாம் பானைக்கு வட்டி எகிறிக்கொண்டிருந்தது. மூன்றாம் பானையில் இருந்த எல்லாரும் மாறினார்கள். ராத்தா மாறவில்லை. பஸ் கிடைத்த ஒரு நாள் தனியாகப் பாசிக்குடாவுக்குப் போய்விட்டு வந்தார்.

"பூட்டிக் கிடக்கு," என்றார், பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது. "கதிரையெல்லாம் மேசைக்கு மேல கவிட்டு வெச்சிருக்கு."

"பாத்தீங்களா? இப்பவாவது மாத்துங்க."

"கவிட்டு வெச்சா மறுகா நிமித்துவாங்க புள்ள. விட்டுட்டு ஓடுறவன் கவிட்டு வெப்பானா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கதிரையப் பாத்தா ராத்தா கணக்குப் பாக்கிறது? உங்கட அறை அதுக்குள்ள கிடக்கு. இண்டைக்குச் சுவர் போச்சு, நாளைக்குக் கூரை போகும். மறுகா பாயோட கிடவுங்க!"

அப்படிச் சொன்னதும் ராத்தா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். குரல் தணிந்துவிட்டது. "வட்டிக் காசில கட்டின அறைக்குள்ள நான் எப்பிடிப் படுக்கிற? நித்திரை வருமா எனக்கு?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினேன். கோபம் போகவில்லை. கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அந்த வருடம் முழுவதும் மூன்றாம் பானையின் கணக்கு வரும்போதெல்லாம் முதலில் ராத்தாவின் வரியைத்தான் தேடிப் பார்ப்பேன். ஓய்வு பெற வேண்டிய வயதிலும் அவர் போகவில்லை. மெஷினுக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்த பிறகும், கதிரைகளை நிமிர்த்தட்டும் என்று காத்துக்கொண்டு இன்னும் கொஞ்சக் காலம் தைத்தார். நான் மகள் பிறந்ததோடு காமன்டை விட்டு நின்றுவிட்டேன்.

போன மாசியில் ராத்தாவிடமிருந்து ஃபோன் கோல் வந்தது. "புள்ள, அறை கட்டிட்டன். வா."

பிஸ்கட் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். இளைய மகள் வீட்டு வளவின் பின்னால், கண்டல் மரங்களுக்கு இப்பால், ஆற்றைப் பார்த்தபடி அது நின்றது. முதலில் கோழிக்கூடு என்று நினைத்துவிட்டேன், அல்லாஹ் மேல் ஆணையாக என்று ராத்தா பாணியில் சொல்லவேண்டியதுதான். உள்ளே ஒரு கட்டில். கட்டிலைத் தவிர இடமே இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்தால் கால் வாசலுக்கு வெளியே நின்றது. படுத்துக்கொண்டு கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். கடைப் பையில் பயணம் செய்து களைத்த தலகணி யன்னல் பக்கம் கிடந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் அண்டைக்கே சொன்னன், கேட்டீங்களா? முதலாம் பானைக்கு மாறியிருந்தா ஒழுங்கான அறையா ஒண்டு கட்டியிருக்கலாம். இது என்ன ராத்தா இது? ஆயுசெல்லாம் தச்சதுக்கு இவ்வளவுதானா?"

ராத்தா என் காலை உள்ளே இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்:

"காசு கிடக்கு புள்ள. கதிரைய நிமித்திட்டாங்க. இதப்போல இன்னும் ஒண்டு கட்டலாம்."

"பின்ன ஏன்?"

"மேசனும் இதத்தான் கேட்டான். மருமகனும் நல்ல மாதிரித்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் அகட்டிக் கட்டுங்க மாமி, நாளைக்குப் பேத்திக்கும் ஆகும்தானே எண்டு." ராத்தா யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் குறும்பு தெரிந்தது. "நான் மேசனக் கூப்பிட்டுச் சொன்னன், ஒரு கட்டில் வெச்சா மத்தக் கட்டில் கொள்ளப்படாது எண்டு. ரெண்டு பேர் படுக்கேலாத அறைய எந்த மாப்பிள்ளை கேப்பான்?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். வெளியே தன் மகளுக்குக் கேட்டுவிடும் என்று ராத்தா என் வாயைப் பொத்தினார். பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார். கட்டில் ஆடியது.

மிச்சக் காசு எங்கே என்று கேட்டேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவைக்க அந்தத் திட்டத்தில் இடம் இருந்தது. "அது லாச்சிக்குள்ள படுத்திருக்கு," என்றார். பிறகு தலகணியில் சாய்ந்தபடி என் மகளைப் பற்றி விசாரித்தார், வயல் வட்டைக்குள் தண்ணீர் வந்ததா, எங்கள் பக்கம் விதைத்துவிட்டார்களா என்று விசாரித்தார், "உன்ட அம்மா இன்னும் அந்தப் பத்தி..." என்று தொடங்கினார். யன்னலால் ஆற்றுக் காற்று வந்தது. தண்ணீரின் வெளிச்சம் கூரைத் தகட்டில் நெளிந்துகொண்டிருந்தது. மீதிக் கேள்வி வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பட்டப் பகலில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ராத்தா நித்திரை.

அத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் நான் காணாத காட்சி. அசையப் பயந்துகொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு கொண்டியைச் சத்தமில்லாமல் நீக்கி வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு பஸ் பிடித்தேன். பாலத்தில் ஏறும்போது ஆறு பொன்னாகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள் செதிலைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். கோழிக்கூடு போல ஓர் அறை, மேசனுக்குச் சொன்ன அளவு, மாப்பிள்ளை கேட்கமாட்டான் என்றது எல்லாம் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அகலம் எவ்வளவாம்?"